எழுதி வைத்தீர்களா?



இந்த வாரம் ஒரு சிறிய வாக்கியத்துக்கு எதிராக எழுத விரும்புகிறேன். "எனக்கும் அதுதான் வந்தது" என்பதே அந்த வாக்கியம். பிற்பகல் தேநீர் வேளையில் உங்களில் பலருடைய வீட்டில் தொலைக்காட்சியில் கவுண்ட்டவுன் ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகார முள் அரைச் சுற்று சுற்றி நிற்கிறது; போட்டியாளர் விடையைச் சொல்கிறார். மறு நொடியே சாய்வு நாற்காலியிலிருந்து அந்தக் குரல் எழும்புகிறது. பெரும்பாலும் அது குடும்பத் தலைவரின் குரல். சில வீடுகளில் மூத்த மகனுடையது. ஒரு வீட்டில் நம் சபையின் மூப்பர் ஒருவருடையது. பெயரைக் கேட்காதீர்கள், அவரும் இதை வாசிப்பார்.

இங்கிலாந்துக்கு அண்மையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1982ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் சேனல் 4 தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதில் முதன்முதலாக வந்த நிகழ்ச்சி இது. மூலம் பிரெஞ்சுக்காரருடையது. அங்கே 1965இல் மிக நீளமான சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டியாகப் பிறந்து, 1972இல் எண்களையும் சேர்த்துக்கொண்டது. ஒன்பது எழுத்துகள் எடுத்து வைக்கப்படும். 30 வினாடிக்குள் அவற்றிலிருந்து இயன்ற அளவு நீண்ட ஆங்கிலச் சொல்லை அமைக்க வேண்டும். எண்கள் சுற்றில் ஆறு எண்கள் தரப்படும். இயந்திரம் ஒரு மூன்று இலக்க எண்ணை இலக்காகக் காட்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கினால் மட்டும், எந்த எண்ணையும் ஒரு முறைக்கு மேல் தொடாமல், 30 வினாடிக்குள் அந்த இலக்கை எட்ட வேண்டும். சரியாக எட்டினால் 10 புள்ளி. ஐந்துக்குள் நெருங்கினால் 7. பத்துக்குள் நெருங்கினால் 5. இருவரில் யார் மிக அருகில் வந்தாரோ அவருக்கே புள்ளி. இருவரும் சமமாக வந்தால் இருவருக்கும் உண்டு. கடைசிச் சுற்றில், கலைத்துப்போட்ட ஒன்பதெழுத்துச் சொல் ஒன்றை யார் முதலில் கண்டுபிடிக்கிறார் என்பது பார்க்கப்படும்.

இந்த விளையாட்டே வேண்டாம், ஜெபவேளையைத் தின்னும் உலகக் காரியம் என்று என்னிடம் சொல்லும் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் பேச்சை நான் ஏற்கவில்லை. இதில் பந்தயம் இல்லை, பணப் பரிசு இல்லை. வென்றவர் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு டீபாட். எழுத்துகளோடு மனம் விளையாடுவதை வேதம் பழிக்கவும் இல்லை. 119ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளும் வரிசை பிசகாமல், எழுத்துக்கு எட்டு வசனமாக, 176 வசனங்கள். அதை இயற்றிய பக்தன் எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை இரவுகள் விழித்திருப்பான்! இந்த நிகழ்ச்சியை மூடிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு நெடுந்தொடர் பார்க்கும் பரிசுத்தத்தைப் பற்றி வேறொரு வாரம் பேசலாம்.

ஆகவே என் வழக்கு விளையாட்டின்மேல் அல்ல. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

திரையில் 100, 25, 9, 7, 4, 3 என்று ஆறு எண்கள். இலக்கு 731. கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தகப்பனார் 100ஐ 7ஆல் பெருக்குகிறார்: 700. அதனுடன் 25ஐச் சேர்க்கிறார்: 725. 9ஐயும் சேர்க்கிறார்: 734. அதிலிருந்து 4ஐக் கழிக்கிறார்: 730. மணி அடித்துவிட்டது. ஒன்று குறைகிறது, ஆனாலும் மோசமில்லை. தரையில் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயது மகள் வேறு வழியில் போயிருக்கிறாள். 100உடன் 4, 104. அதை 7ஆல் பெருக்கினால் 728. அதனுடன் 3, 731. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதியும் வைத்திருக்கிறாள். சத்தமாகச் சொல்கிறாள். அவள் சொன்ன அந்த நொடியில் தகப்பனாருக்குக் கண் திறக்கிறது: 734இலிருந்து 4க்குப் பதிலாக 3ஐக் கழித்திருந்தால் 731! கையில் இருந்ததே, 3ஐத் தொடவே இல்லையே! உடனே சொல்கிறார்: "எனக்கும் 731தான் வந்தது, வேறு வழியில்." அந்த வழியையும் படிப்படியாகச் சொல்லிக் காட்டுகிறார். கணக்கில் பிழையே இல்லை. அது 31ஆம் வினாடியில் பிறந்தது என்பது மட்டும் மறைக்கப்படுகிறது.

"விளையாட்டுதானே, ஐயா" என்று இந்த இடத்தில் என்னைத் தடுப்பீர்கள். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இது இன்னும் பலவீனமான வாதமாகவே தோன்றுகிறது. விளையாட்டு என்பதால்தானே பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லை? வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவன் பொய் சொன்னால், அவன் நெருக்கடியைப் பார்த்து நாம் இரங்கலாம். விசா அதிகாரியின் முன்னால் நாக்கு குழறியவனுக்காக நான் கண்ணீரோடு ஜெபித்திருக்கிறேன். வரவேற்பறையில் உங்களை யார் நெருக்கினார்? 730 என்று சொன்னால் என்ன பறிபோயிருக்கும்? தேவையே இல்லாத இடத்தில் வரும் பொய், மனிதனுக்குள் அது எவ்வளவு ஆழத்தில் குடியிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

அப்போஸ்தலருடைய நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் அனனியாவையும் சப்பீராளையும் நினைத்துப் பாருங்கள். நிலம் அவர்களுடையது. விற்ற பணமும் அவர்களுடையது. அதில் பாதியைக் கொண்டுவந்து, இது பாதி என்று சொல்லியிருந்தால் சபையில் ஒருவரும் குறை பேசியிருக்க மாட்டார்கள். பகுதியை எடுத்து முழுமை என்று வைத்தார்கள், குற்றம் அவ்வளவே. வரவேற்பறையில் யாரும் விழுந்து சாகப்போவதில்லை, அப்படிச் சொல்லி உங்களை மிரட்டுவதும் என் நோக்கமில்லை. ஆனால் 730ஐ 731 என்று வைக்கிறபோது பொய்யின் உருவம் அங்கே கண்ட அதே உருவம்தான். நல்ல முயற்சி ஒன்று, தன் அளவோடு திருப்தி அடையாமல், கெட்டுப்போகிறது.

இப்போது அந்த மகளிடம் வாருங்கள். நிகழ்ச்சியின் விதிப்படி அந்தச் சுற்றில் அவளுக்கு 10, தகப்பனாருக்கு ஒன்றுமில்லை. "எனக்கும்" என்ற ஒரு சொல்லால் அது பத்துக்குப் பத்தாகிவிட்டது. அவள் ஈட்டிய வெற்றியில் பாதி களவுபோயிற்று. அவளுக்கு அது தெரியாது என்று எண்ணாதீர்கள். பிள்ளைகள் தகப்பன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய தாளைப் பார்க்கிறார்கள். தாளில் 730 என்று எழுதி வட்டமிட்டிருப்பதை அவள் கண்டாள். ஒன்றும் பேசவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நாம் வளர்த்திருக்கிறோம். அது நல்ல வளர்ப்புதான், ஆனால் அதன் நிழலில் பெரியவர்கள் எத்தனையோ ஒளித்துக்கொள்கிறோம். அன்று இரவு குடும்ப ஜெபத்தில் அதே தகப்பனார் அதே குரலில், கண்ணால் காணாத தேவன் தனக்குச் செய்த நன்மைகளைப் பற்றிச் சாட்சி சொல்வார். கண்ணால் கண்ட 730ஐ 731 ஆக்கியவர், காணாததைப் பற்றிச் சொல்வதை அவள் எந்தக் கணக்கில் வைப்பாள்? நம் பிள்ளைகள் பதினெட்டு வயதில் ஏன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்துகிறார்கள் என்று வாலிபர் ஐக்கியத்தில் கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். இந்த நாட்டுக் கலாச்சாரம், கைப்பேசி, நண்பர்கள் என்று பட்டியல் நீள்கிறது. நம் நாவைப் பற்றிய பேச்சு அந்தப் பட்டியலில் வந்து நான் கண்டதில்லை.

இதில் எனக்கு மிகவும் வியப்பாயிருப்பது என்னவென்றால், அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள் இந்தச் சோதனையை நன்றாக அறிந்து அதற்கு ஒரு விதியையே வைத்திருக்கிறார்கள். கவனித்திருக்கிறீர்களா? நேரம் முடிந்ததும் போட்டியாளர் தன் சொல்லைச் சொல்வதில்லை. முதலில் அதன் நீளத்தை மட்டும் அறிவிக்கிறார்: ஆறு, ஏழு, எட்டு. இருவரும் அறிவித்த பிறகே சொற்கள் வெளிவருகின்றன. ஏழு என்று அறிவித்துவிட்டுப் பிறகு எட்டு என்று மாற்ற முடியாது. அறிவித்த சொல் அகராதியில் இல்லையென்றால் புள்ளி இல்லை. 1992 முதல் அந்த மூலையில் அகராதியோடு அமர்ந்து தீர்ப்புச் சொல்லிவரும் சூசி டென்ட் அம்மையார் புன்னகையோடு கைவிரித்துவிடுவார். ஆக, அறிவிப்பு என்பது ஒருவர் தன்னையே பணயம் வைப்பது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 30 வினாடிக்குள் ஒரு சொல் மனதில் தோன்றியும் தாளில் எழுத முடியாமல் போனால், அறிவிக்கும்போதே போட்டியாளர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்: "ஏழு, ஆனால் எழுதவில்லை." அப்படிச் சொன்னவர் தன் சொல்லை முதலில் வெளியிட வேண்டும், எதிராளியின் வாயிலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லாதபடி. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால் தாளைக் காட்டுவதும் உண்டு. பல இலட்சம் பேர் பார்க்கிற மேடையில், ஒருவர் கூச்சமில்லாமல் "எழுதவில்லை" என்கிறார். யாரும் அவரைத் தாழ்வாக எண்ணுவதில்லை. நம் வீடுகளில் இந்தச் சொல்லை நான் இன்னும் கேட்கவில்லை.

சொன்ன விடையைவிட அதை அடைந்த வழி ஏன் முக்கியம் என்பதற்கு அந்த நிகழ்ச்சியின் பழைய ஆட்டம் ஒன்றே போதும். 1997இல் ஒருநாள் 25, 50, 75, 100, 3, 6 என்ற எண்கள் வந்தன, இலக்கு 952. ஒரு போட்டியாளர் 952 வந்துவிட்டது என்று அறிவித்தார். வழியைக் கேட்டார்கள். 100உடன் 6, 106. அதை 3ஆல் பெருக்கினால் 318. அதை 75ஆல் பெருக்கினால் 23,850. இந்த இடத்தில் அரங்கில் சிரிப்பு; 952க்கு இந்த மனிதர் எங்கே போகிறார்? அவர் அசையவில்லை. 50ஐக் கழித்தால் 23,800. 25ஆல் வகுத்தால் 952. சிரிப்பு கைத்தட்டலாக மாறிற்று. அதே எண்களுக்கு எளிய வழியும் உண்டு: 75ஐ 6ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 9, 100உடன் 3, 103, 103ஐ 9ஆல் பெருக்கினால் 927, 25ஐச் சேர்த்தால் 952. உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிற நமக்கு இரண்டாவது வழி அழகாகத் தெரியலாம். ஆனால் 30 வினாடிக்குள் அந்தக் காட்டு வழியில் நடந்து முடித்தவர் அவர். அடி அடியாகத் திரும்ப நடந்து காட்டவும் அவரால் முடிந்தது. "எனக்கும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிற நாக்கு, அப்படி நடந்த ஒருவருக்கு எவ்வளவு அநியாயம் செய்கிறது என்று யோசியுங்கள்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒன்பது எழுத்துகளைத் தட்டினால் மிக நீண்ட சொல்லைத் துப்பும் செயலிகள் இருக்கின்றன. நிகழ்ச்சி முடிந்த பிறகு, "இன்னும் பெரிய சொல் இருந்ததா?" என்று பார்ப்பது கல்வி. 30 வினாடிக்குள் மேசைக்குக் கீழே பார்ப்பது கள்ளத்தராசு. இன்னொன்று, பதிவு செய்து பார்க்கிறவர்கள் ரிமோட்டால் நிறுத்தி வைத்து யோசிப்பது. தனியாகப் பார்க்கிற முதியவர் மூளைக்குப் பயிற்சியாக இரண்டு நிமிடம் நிறுத்தி யோசித்தால் நான் குறுக்கே வரமாட்டேன். அவர் யாரிடமும் எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் நிறுத்தி வைத்து யோசித்துவிட்டு, மறுநாள் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "நேற்றைய ஒன்பதெழுத்துச் சொல்லை நான் பத்து வினாடியில் பிடித்துவிட்டேன்" என்று வராதீர்கள்.

போட்டியாளர்களை ஏளனம் செய்யும் வழக்கத்தையும் இதோடு சேர்த்தே கண்டிக்கிறேன், ஏனெனில் அதுவும் இதன் உடன்பிறப்பு. "இதுகூடத் தெரியவில்லையா?" என்கிறோம். அவர் முகத்தில் விளக்கு அடிக்கிறது, கேமரா பார்க்கிறது, எதிரே ஒருவர் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பேனாச் சத்தம் கேட்கிறது. நமக்கோ மடியில் முறுக்குத் தட்டு. விடை வந்த பிறகு எந்தச் சொல்லும் கண்ணெதிரே இருந்ததாகவே தோன்றும். ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஆங்கிலச் சொல்லின் ஒன்பது எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வண்டிக் குதிரையைக் குறிக்கும் கார்ட்ஹார்ஸ் என்ற சொல் வரும், ஓரெழுத்தும் மிஞ்சாது. இப்போது வாசிக்கையில், இது தெரியாதா என்றுதான் இருக்கும். கலைந்த எழுத்துகளை மட்டும் முன்னால் வைத்துக் கடிகாரத்தை ஓடவிட்டால், நம்மில் எத்தனை பேர் எழுதியிருப்போம்?

வீட்டில் இதனால் இன்னொரு சேதமும் நடக்கிறது, அதைக் கவனிப்பார் குறைவு. ஒருவர் எப்போதும் "எனக்கும்" என்று சொல்கிற வீட்டில் மற்றவர்கள் படிப்படியாகப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆங்கிலம் பிற்காலத்தில் கற்ற மனைவி, ஊரிலிருந்து வந்த மாமியார், எட்டு வயதுப் பேரன். அந்த ஒன்பது எழுத்துகளில் பேரன் குதிரையை மட்டும் கண்டான்: ஹார்ஸ், ஐந்தெழுத்து. அது அவனுக்குப் பெரிய பிடி. ஒன்பதைப் பிடித்ததாகச் சொல்லும் குரல் எழுந்தபின் அந்தக் குதிரை தொழுவத்தை விட்டு வெளியே வராது. மாமியாரோ எழுத்துச் சுற்றில் வாய் திறக்கமாட்டார். எண்கள் வந்தால் நிமிர்ந்து உட்காருவார். சந்தையில் காய்கறிக்கு மனக்கணக்குப் போட்டு, பெருக்கல் வாய்ப்பாட்டைத் தாளமிட்டுப் பாடிப் படித்த தலைமுறை அது. 725 + 9 என்பதற்கு அவருக்குப் பேனா வேண்டாம். உண்மையான 730 ஒன்று அந்த வீட்டில் வெட்கப்படாமல் சொல்லப்பட்டால், அவருடைய 728க்கும் இடம் உண்டாகும். தகப்பனார் இட்டுக்கட்டிய 731, அவருடைய 728ஐ வாய்க்குள்ளேயே அமர்த்திவிடுகிறது.

எதிர்ப்புறமும் ஒரு பொய் உண்டு. தாய்மார்கள் அதில் வல்லவர்கள். பிள்ளை ஜெயிக்கட்டும் என்று தன் ஏழெழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு "எனக்கு நான்குதான்" என்பது. அன்பினால்தான் சொல்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை ஒருநாள் அந்தக் கையை விலக்கிப் பார்ப்பான்; அன்று அவன் முன்பு பெற்ற வெற்றிகள் அத்தனையும் சந்தேகத்துக்குள்ளாகும். சலுகை கொடுக்க விரும்பினால் வெளிப்படையாகக் கொடுங்கள். சிறுவருக்கு 60 வினாடி, பெரியவருக்கு 30 என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். சலுகையோடு பெற்ற வெற்றி, ஏமாற்றிக் கொடுத்த வெற்றியைவிட எவ்வளவோ கௌரவமானது.

வரும் வாரம் உங்கள் வீட்டில் இதை ஏற்படுத்துங்கள். ஆளுக்கொரு தாள், ஒரு பேனா. கடிகார இசை நின்றவுடன் பேனாக்கள் மேசைமேல். திரையில் போட்டியாளர்கள் வாய் திறக்குமுன், தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்தி, வீட்டில் இளையவர் தொடங்கி மூத்தவர் வரை தங்கள் நீளத்தையோ எண்ணையோ அறிவிக்க வேண்டும். மூத்தவர் கடைசியில் எழுதி முடிக்காமல் இருந்தால், அவர் "எழுதவில்லை" என்று சொல்லி முதலில் தன் விடையை வெளியிட வேண்டும். தாள்களைத் திருப்பிக் காட்ட வேண்டும். கணக்கு எழுதும் பொறுப்பை மாமியாரிடம் கொடுங்கள். அவரிடம் யாரும் விளையாட முடியாது. நம் மூப்பர் வீட்டில் இந்த ஏற்பாட்டை முதலில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை பிற்பகல் நான் அங்கே இருப்பேன். தாளும் பேனாவும் நானே கொண்டுவருகிறேன்.